காபி, வாழைப்பழம், இதய வால்வு... கோஸ்டா ரிக்கா ரூட் மாறிய கதை!

2014 ஃபுட்பால் உலகக் கோப்பை ஞாபகம் இருக்கா? உருகுவே, இத்தாலி, இங்கிலாந்துன்னு மூணு முன்னாள் சாம்பியன்கள் இருந்த குரூப்பில், 'இந்தப் பொடிசு எதுக்கு இங்கே வந்துச்சு?' என்று எல்லோரும் பார்த்த ஓர் அணி, முதலிடம் பிடித்துக் காலிறுதி வரை போனது. அங்கேயும் நெதர்லாந்திடம் பெனால்ட்டி ஷூட் அவுட்டில்தான் தோற்றது. கோல்கீப்பர் கெய்லர் நவாஸ் அடுத்த சில வாரங்களிலேயே ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். அந்த அணியின் நாடுதான் கோஸ்டா ரிக்கா.

ஆனால், அந்தக் கொண்டாட்டத்துக்கு ரெண்டு மாசம் முன்னால்தான் அந்த நாட்டுக்கு ஒரு பெரிய அடி விழுந்திருந்தது. கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனம், 1998-லிருந்து அங்கே நடத்திவந்த அசெம்பிளி ஆலையை மூடி, வேலையை ஆசியாவுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. சுமார் 1,500 பேருக்கு வேலை போனது. நாட்டின் ஏற்றுமதியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. 'அவ்வளவுதான், முடிஞ்சது' என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. இன்றைக்குக் கோஸ்டா ரிக்காவின் நம்பர் ஒன் ஏற்றுமதி என்ன தெரியுமா? காபி இல்லை, வாழைப்பழம் இல்லை, அன்னாசியும் இல்லை. மருத்துவக் கருவிகள்! ரத்தக்குழாய்க்குள் விடும் கத்தீட்டர், கைடு வயர், இதய வால்வு, இம்ப்ளான்ட் என வருஷத்துக்கு 600 கோடி டாலருக்கு மேல் வெளியே போகிறது. நாட்டின் மொத்த சரக்கு ஏற்றுமதியில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். லத்தீன் அமெரிக்காவில் இந்த விஷயத்தில் அதற்கு முன்னால் நிற்பது மெக்சிகோ மட்டும்தான். மெக்சிகோவின் மக்கள்தொகை 12 கோடிக்கு மேல். கோஸ்டா ரிக்காவில் இருப்பது 50 லட்சம் சொச்சம் பேர். பரப்பளவு, நம்ம பக்கத்து கேரளாவைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவே.

இது எப்படி சாத்தியமாச்சு?

சம்மட்டியால் உடைத்த சுவர்

கதையை 1948-லிருந்து ஆரம்பிக்கணும். அந்த வருஷம் உள்நாட்டுப் போரில் ஜெயித்து ஆட்சிக்கு வந்த ஹோசே ஃபிகெரஸ், டிசம்பர் 1-ம் தேதி தலைநகர் சான் ஹோசேயில் இருந்த பெயாவிஸ்டா ராணுவ முகாமின் சுவரை ஒரு சம்மட்டியால் அடித்து, 'இனி நமக்கு ராணுவம் கிடையாது' என்று அறிவித்தார். போரில் ஜெயித்தவரே படையைக் கலைத்தது வரலாற்றில் அபூர்வம். அடுத்த வருஷம் அது அரசியல் சாசனத்திலேயே ஏறியது. அந்த முகாம் இப்போது தேசிய அருங்காட்சியகம்.

துப்பாக்கிக்குப் போகவேண்டிய காசு பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது. 1941-லேயே தொடங்கப்பட்டிருந்த, 'காஹா' என்று மக்கள் செல்லமாகக் கூப்பிடும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்தான் அங்கே நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளை நடத்துகிறது. 1965-ல் தொழிற்பயிற்சிக்கென்று தனியாக ஓர் அரசு நிறுவனமும் வந்தது. அங்கே கட்டணம் கிடையாது. இதெல்லாம் யாரும் கத்தீட்டரை மனசில் வைத்துச் செய்ததில்லை. ஆனால், பின்னால் வந்த கம்பெனிகள் முதலில் பார்த்தது இதைத்தான். எழுதப் படிக்கத் தெரிந்த, மெஷின் முன்னால் உட்கார்ந்து பொறுமையாக வேலை பார்க்கக்கூடிய, உடம்பு நன்றாக இருக்கிற ஆட்கள்.

எண்பதுகளில் ஒரு நெருக்கடி. காபி விலை சரிந்தது, கடன் ஏறியது, 1981-ல் வெளிநாட்டுக் கடனுக்குத் தவணை கட்டுவதையே நிறுத்தும் நிலைமை. இனி தோட்டத்தை மட்டும் நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று புரிந்தது. வெளிநாட்டு முதலீட்டைத் தேடிப்பிடிப்பதற்கென்றே 1982-ல் 'சிந்தே' என்ற அமைப்பு உருவானது. 1990-ல் ஃப்ரீ ஸோன் சட்டம் வந்தது. ஏற்றுமதிக்காகத் தொழில் தொடங்கினால் இறக்குமதித் தீர்வை இல்லை, பல வருஷங்களுக்கு வருமான வரியில் பெரிய சலுகை.

அதற்கு முன்பே, 1987-ல் பாக்ஸ்டர் நிறுவனம் கார்டாகோ பகுதிக்கு வந்துவிட்டது. ஆரம்பத்தில் பெரிய தொழில்நுட்பமெல்லாம் இல்லை. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏத்துவாங்களே, அந்த மாதிரி பிளாஸ்டிக் சமாசாரங்கள்தான். 2004-ல் பாஸ்டன் சயின்டிஃபிக் வந்த பிறகுதான் விஷயம் சூடுபிடித்தது. பிறகு அபாட், ஹோலாஜிக், எட்வர்ட்ஸ் லைஃப்சயின்சஸ், டெருமோ என்று வரிசை கட்டினார்கள். அலாஹுவேலா பக்கத்தில், விமான நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கொயோல் ஃப்ரீ ஸோன்தான் இப்போது இந்தத் தொழிலின் தலைநகரம். அங்கிருந்து மயாமிக்கு விமானத்தில் மூணு மணி நேரம் ஆகும், அவ்வளவே. வாழைப்பழம் கப்பலில் போகணும். ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புள்ள கத்தீட்டர்களை ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடக்கி விமானத்தில் ஏற்றிவிடலாம்.

லிப்ஸ்டிக்குக்கு நோ என்ட்ரி

உள்ளே என்ன நடக்குது? இதயத்தில் அடைப்பு என்றால் டாக்டர்கள் மணிக்கட்டிலோ தொடையிலோ சின்னதாகத் துளை போட்டு, ஒரு மெல்லிய கம்பியை ரத்தக்குழாய் வழியாக இதயம் வரை அனுப்புவார்கள். அதுதான் கைடு வயர். தண்டவாளம் மாதிரி. அதன் மேலேயே கத்தீட்டர் என்ற குழாய் வழுக்கிக்கொண்டு போகும், அதன் நுனியில் பலூன், ஸ்டென்ட். கம்பி வளையணும், ஆனால் மடங்கக் கூடாது. நுனி மென்மையாக இருக்கணும், இல்லையென்றால் ரத்தக்குழாயையே குத்திவிடும். ஒரு தூசு ஒட்டியிருந்தாலும் அது நேராக மனுஷன் ரத்தத்துக்குள் போகும்.

அதனால் வேலை நடப்பது 'கிளீன் ரூம்' என்ற அறையில். சாதாரண அறைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு, அரை மைக்ரான் அளவுள்ள துகள்கள் கோடிக்கணக்கில் மிதக்கும். இந்த வகை அறைகளில் பரவலாகப் பின்பற்றப்படும் ஐ.எஸ்.ஓ 7 தரத்தில் அது 3,52,000-ஐத் தாண்டக் கூடாது. காற்றை ஃபில்டர் செய்தால் மட்டும் போதாது. அங்கே பெரிய அழுக்கு மூட்டையே மனுஷங்கதான்! ஆகவே, உள்ளே போறவங்களுக்கு மேக்கப் கிடையாது, நெயில் பாலிஷ் கிடையாது, வளையல், மோதிரம் கிடையாது. தலை முதல் கால் வரை மூடிய கவுன், முகக்கவசம், கையுறை. ரீல்ஸ் போடவா? போனையே உள்ளே கொண்டுபோக முடியாது.

இதய வால்வு இன்னும் நுட்பம். மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையைப் பதப்படுத்தி, வெட்டி, உலோகச் சட்டத்தில் வைத்துத் தைக்கிறார்கள். மெஷினால் இல்லை, கையால்! மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, நூற்றுக்கணக்கான தையல்கள். ஒரு தையல் இறுகினாலும் தளர்ந்தாலும் வால்வு சரியாக மூடாது. எம்பிராய்டரி போடும் விரல்களுக்கு இருக்கும் அதே பொறுமை இதற்கும் வேணும். இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்கள் 50,000 பேர் அளவில் இருக்கிறார்கள், அதில் பெண்கள் ஏராளம்.

இன்டெல் போச்சு, இவங்க ஏன் போகலை?

எனக்கு இந்தக் கதையில் ரொம்ப சுவாரஸ்யமாகப் பட்டது இந்தப் பகுதிதான். வரிச் சலுகைக்காக வந்த கம்பெனி, வேறெங்காவது அதைவிட மலிவாகக் கிடைத்தால் மூட்டையைக் கட்டும். இன்டெல் அதைத்தான் செய்தது. மருத்துவக் கருவி கம்பெனிகள் அப்படி நினைத்த மாத்திரத்தில் கிளம்ப முடியாது. காரணம், அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.

இதய வால்வு போன்ற ஆபத்து அதிகமுள்ள கருவிக்கு அனுமதி கொடுக்கும்போது, கருவியை மட்டும் அது பார்ப்பதில்லை. எந்த ஆலையில், எந்த முறையில் செய்கிறீர்கள் என்பதும் அந்த அனுமதிக்குள் அடக்கம். ஆலையை மாற்றணுமா? திரும்ப விண்ணப்பம், திரும்பப் பரிசோதனை, திரும்ப ஆதாரம். மெஷினை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகர்த்தினால்கூட 'எல்லாம் முன்பு மாதிரியே வருது' என்று நிரூபிக்க வேண்டும். கல்யாணம் பண்ணுவதைவிட விவாகரத்துக்கு அலைச்சல் அதிகம் என்பதுபோல. வந்தவர்கள் தங்கிவிட இது ஒரு பெரிய காரணம்.

இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆரம்பத்தில் பல கருவிகளை ஸ்டெரிலைஸ் செய்யவே அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பிறகு ஸ்டெரிலைசேஷன் கம்பெனிகளே இங்கே வந்து கடை போட்டன. பேக்கிங், மோல்டிங், உலோக வேலை செய்பவர்களும் வந்தார்கள். இன்டெல்லில் தரக்கட்டுப்பாடு கற்றவர்களுக்கும் இங்கே கதவு திறந்திருந்தது. உள்ளூர் ஆளே தொடங்கிய கம்பெனியும் உண்டு. மார்பக இம்ப்ளான்ட் தயாரிக்கும் எஸ்டாப்ளிஷ்மென்ட் லேப்ஸ், 2018-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஏறியது. 2024-ல் அதன் 'மோட்டிவா' இம்ப்ளான்ட்டுக்கு எஃப்.டி.ஏ அனுமதியும் கிடைத்தது.

இன்டெல் என்ன ஆச்சு? கோவிட் நேரத்தில் திரும்பி வந்து அசெம்பிளியை மறுபடி ஆரம்பித்தது. 2025 ஜூலையில், அந்த வேலையை வியட்நாமுக்கும் மலேசியாவுக்கும் மாற்றுவதாக மறுபடி அறிவித்தது. ஒரே வீட்டில் ரெண்டு தடவை கோபித்துக்கொண்டு போகிற மாப்பிள்ளை!

வேலிக்கு அந்தப் பக்கம்

ரொம்பப் புகழ்ந்துட்டோமோ? இனி கசப்பான பகுதி.

ஆலைகள் பெரும்பாலும் சான் ஹோசே, அலாஹுவேலா, எரேதியா, கார்டாகோ என மத்தியப் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. கரீபியன் கடலோரத்தில் இருக்கும் லிமோனில் பிறந்த பையனுக்கு, கொயோல் என்பது வேறு நாடு மாதிரி. அந்தத் துறைமுக ஊர் வழியாகப் போதைப்பொருள் போகிறது, கும்பல்கள் ஆள் சேர்க்கின்றன. 2023-ல் நாட்டில் நடந்த கொலைகள் 900-ஐத் தாண்டின. அதுவரை அந்த நாடு பார்த்திராத எண்ணிக்கை. ராணுவமே வேணாம் என்று சொன்ன ஊரில்!

ஃப்ரீ ஸோனுக்கு உள்ளே ஒரு பொருளாதாரம், வெளியே இன்னொன்று. உள்ளே இருப்பவர்கள் மூலப்பொருளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துகொள்கிறார்கள், வரியும் குறைவு. வெளியே இருக்கும் சின்ன பேக்கரிக்காரரும் ஒர்க்‌ஷாப்காரரும் முழு வரியும் கட்டுகிறார்கள். உலகத்துக்கே இதய வால்வு அனுப்பும் நாட்டில், காஹா மருத்துவமனைகளில் ஆபரேஷனுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போவது இன்னொரு முரண்.

ஏற்றுமதியின் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே போகிறது என்பது அடுத்த தலைவலி. 2007-ல் வாக்கெடுப்பு வைத்து, 51 சதவிகித சொச்சம் ஆதரவோடு தட்டுத்தடுமாறி அமெரிக்காவோடு சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்துக்குத் தலையாட்டினார்கள். அந்த ஒப்பந்தம் இருக்கும்போதே, 2025 ஏப்ரலில் டிரம்ப் 10 சதவிகித வரி போட்டார், ஆகஸ்ட்டில் அது 15 ஆனது.

ஆனால், அங்கே பலரைத் தூங்கவிடாமல் செய்வது வரி இல்லை, பள்ளிக்கூடம். நாட்டு வருமானத்தில் 8 சதவிகிதத்தைக் கல்விக்கு ஒதுக்கணும் என்று அரசியல் சாசனமே சொல்கிறது. உண்மையில் ஒதுக்குவது அதைவிட ரொம்பக் குறைவு. 2018-ல் மாதக்கணக்கில் ஆசிரியர் ஸ்டிரைக், அப்புறம் கோவிட். மாணவர்கள் எழுதப் படிக்கவே தடுமாறுவதைப் பார்த்து, நாட்டின் கல்வி நிலை அறிக்கை 'இருட்டடிப்பு' என்ற வார்த்தையையே பயன்படுத்தியது. 2022 பீசா சர்வதேசத் தேர்வில் கணக்குப் பாட மதிப்பெண் 402-லிருந்து 385-க்கு இறங்கியது. கிளீன் ரூமில் வேலை செய்ய டிகிரி வேணாம். ஆனால் பள்ளிப் படிப்பை முடித்திருக்கணும், ஒரு வேலைக் குறிப்பைப் படித்து அப்படியே செய்யத் தெரியணும், கொஞ்சம் இங்கிலீஷும் இருந்தால் மேலே போகலாம்.

அங்கே பள்ளிப் படிப்பு மொத்தம் 11 வருஷம். 2020 பிப்ரவரியில் முதலாம் வகுப்பில் சேர்ந்து, அடுத்த மாதமே கோவிட்டால் வீட்டில் உட்கார்ந்த குழந்தை, எல்லாம் ஒழுங்காகப் போனால் 2030 கடைசியில் பள்ளியை முடித்துவிட்டு கொயோல் கேட்டில் வந்து நிற்கும்.