கிழக் குதிரைக்குப் புது லாடம்

சேத்தக் பிறந்த ஆகுர்டியில் இப்போது பேட்டரி வண்டிகள் தயாராகின்றன. பழைய ஸ்கூட்டரை விட மனமில்லாதவர்களோ பிஸ்டனுக்கும் ஆயில் சீலுக்கும் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். பாகம் கிடைத்துவிடுகிறது. பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

புனேயிலிருந்து மும்பைக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் பிம்ப்ரியையும் சிஞ்ச்வட்டையும் தாண்டினால் ஆகுர்டி. இந்திய நடுத்தரக் குடும்பம் ஒரு காலத்தில் இந்த ஊரின் தயவுக்காகக் காத்துக் கிடந்தது. இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்துடன் 1960-இல் ஒப்பந்தம் செய்து வெஸ்பா ஸ்கூட்டர்களைத் தயாரித்த பஜாஜ், 1971-இல் அந்த உறவு முடிந்ததும் 1972-இல் சொந்தப் பெயரில் ஒரு வண்டியைக் களமிறக்கியது. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது: சேத்தக். பணம் கட்டிவிட்டுப் பத்தாண்டு வரை காத்திருந்தவர்கள் உண்டு. கல்யாணச் சீர் வரிசையில் அதற்கு நிரந்தர இடம் இருந்தது.

பிறகு காற்று திசை மாறியது. வாடிக்கையாளர்கள் மோட்டார் சைக்கிளுக்குத் தாவினார்கள். 2000-களின் நடுவில் சேத்தக் நின்றது. 2007-இல் ஆகுர்டியில் வண்டி உற்பத்தியே நின்றது. 2009 இறுதியில் ஸ்கூட்டர் தொழிலிலிருந்தே விலகுவதாக பஜாஜ் அறிவித்தது. ஆக, கடைசியாக வந்த பெட்ரோல் சேத்தக்கும் 15 வயதை எப்போதோ தாண்டிவிட்டது. ஆனாலும் ஒரு பக்கம் சாய்த்து, இரண்டு உதை உதைத்து, அதைக் கிளப்பிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்பா வாங்கியது என்பது சிலருக்குக் காரணம். வேறு வண்டி வாங்க வசதியில்லை என்பது மற்றவர்களுக்கு.

இவர்களுக்கு நாட்டில் சந்தைகளுக்குக் குறைவில்லை. புனேயில் நானா பேட், சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், பெங்களூரில் ஜே.சி. சாலை, டெல்லியில் கரோல் பாக், கொல்கத்தாவில் மல்லிக் பஜார். பாகங்களுக்காகவே இன்னொரு செத்த வண்டியை வாங்கி வீட்டுப் பின்புறம் போட்டு வைப்பவர்களும் உண்டு.

சிக்கல் கடையில் கேட்கும் முதல் கேள்வியிலேயே தொடங்குகிறது. எந்த சேத்தக்? பெயர் ஒன்றுதான், வண்டிகள் பல. ஆரம்பகால வண்டிகளில் 6 வோல்ட் மின்சாரம், பிளாட்டினம் பாயின்ட். பிற்காலத்தவற்றில் 12 வோல்ட், எலக்ட்ரானிக் இக்னிஷன். ஒன்றின் பிளைவீலையும் காயில் தட்டையும் மற்றதில் மாட்டினால் பொறி வராது. கடைசிக் காலத்தில் வந்த நான்கு ஸ்ட்ரோக் சேத்தக்கோ அடியோடு வேறு எஞ்சின். ஆண்டு, எஞ்சின் எண், கழற்றிய பழைய பாகம் ஆகிய மூன்றையும் கையோடு கொண்டுபோகிறவரே ஏமாறாமல் திரும்புகிறார்.

அதற்கும் முன்னால், கெட்டது எது என்று தெரிய வேண்டும். அளவுக்கு மீறிப் புகை வந்தால் உடனே பிஸ்டனை மாற்றச் சொல்லும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. உண்மைக் குற்றவாளி பல நேரம் சில ரூபாய் ரப்பர் வளையம்தான். கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்தால் கியர் பாக்ஸ் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிப் புகையாகத் துப்பும். பிளைவீல் பக்கத்து சீல் போனால் ஆபத்து இன்னும் பெரிது. அந்த வழியே வெறும் காற்று நுழையும். பெட்ரோலும் அதில் கலந்த எண்ணெயும் அந்த அளவுக்குக் குறையும். எஞ்சின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சீலை விட்டுவிட்டுப் புது பிஸ்டனை மட்டும் போட்டால் அதுவும் அதே கதியை அடையும். வண்டி இழுக்கவில்லை என்றால் சைலன்சரை ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. கரி அடைத்துக்கொண்டால் நல்ல எஞ்சினும் மூச்சு திணறும்.

பிஸ்டன்தான் காரணம் என்று உறுதியானால் வேலை லேத் பட்டறைக்குப் போகிறது. இரண்டு ஸ்ட்ரோக் சேத்தக்கின் கொள்ளளவு 145.45 சி.சி. சிலிண்டரின் விட்டம் 57 மில்லிமீட்டர். வார்ப்பிரும்புச் சிலிண்டர் என்பதால் உட்புறத்தைக் கடைந்து சற்றே பெரிய பிஸ்டனைப் போடலாம். இங்கே வரிசை முக்கியம்: முதலில் பிஸ்டன், பிறகு போர். பிஸ்டனைக் கையில் வைத்து அளந்து, சூட்டில் அது விரிய வேண்டிய இடைவெளியையும் சேர்த்துத்தான் நல்ல கடைசல்காரர் கடைகிறார். இடைவெளி குறைந்தால் பிடிக்கும், கூடினால் கடகடக்கும். ஒவ்வொரு முறை கடையும்போதும் சிலிண்டரின் ஆயுள் ஒரு படி குறைகிறது. கடைசி அளவையும் தாண்டிவிட்டால் வேறு சிலிண்டர்தான்.

பொருத்துவதிலும் பிழைக்கு இடமுண்டு. பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி புகை வெளியேறும் துளையைப் பார்க்க வேண்டும். ரிங்கின் இரு முனைகளும் பள்ளத்திலுள்ள சிறு ஊசிக்கு இருபுறமும் உட்கார வேண்டும். தவறினால் முனை துளையில் மாட்டி உடையும். ரிங்கை முதலில் வெறும் சிலிண்டருக்குள் நுழைத்து முனைகளின் இடைவெளியை அளப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாத பட்டறைகளே அதிகம் பிஸ்டன் விற்க உதவுகின்றன. பிளைவீலைப் புல்லர் வைத்துக் கழற்றாமல் சுத்தியால் தட்டினால், பல துண்டுகளை அழுத்திச் சேர்த்த கிராங்க் நேர் தவறிவிடும். காற்றை எஞ்சினுக்குத் திருப்பிவிடும் தகர மூடியை மறுபடி மாட்டாமல் விட்டால் புது எஞ்சினும் வெந்துபோகும்.

"பழைய ஸ்டாக், ஒரிஜினல்" என்று தூசி தட்டித் தரும் பெட்டியிலும் பாதிதான் நம்பிக்கை வைக்கலாம். இரும்புப் பாகம் பல ஆண்டுகள் கழித்தும் இரும்பாகவே இருக்கும். ரப்பர் அப்படியல்ல, உறையைப் பிரிக்காமலே விறைத்துப்போகும். பேரிங்கைப் பழையதாக வாங்கினாலும் சீலைப் புதிதாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

ஒரே ஒரு பாகம் மட்டும் கடைக்காரர் கையில் இல்லை, சட்டத்தின் கையில் இருக்கிறது. எஞ்சின் எண் பொறித்த கிராங்க் கேஸ் அது. பிஸ்டன், சிலிண்டர், கிராங்க் எதை மாற்றினாலும் ஆர்.சி. புத்தகம் மாறாது. கேஸ் உடைந்து பழைய சந்தையில் வேறொன்று வாங்கினால் எண் மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி பதிவு விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. வாங்கிய கேஸ் யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு ரசீது இல்லாவிட்டால், பதிவைப் புதுப்பிக்க வண்டியை நிறுத்தும் நாளில் வம்பு வரும். அந்தப் புதுப்பித்தலும் மலிவாக இல்லை. 2022 ஏப்ரலில் இரு சக்கர வண்டிக்கான கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது.

ஐம்பது வயதைக் கடந்த வண்டிக்கு 2021-இல் வந்த விதிகள் 'விண்டேஜ்' தகுதி தருகின்றன. 1972-இன் முதல் சேத்தக்குகள் அந்த வயதை 2022-இல் எட்டிவிட்டன. கௌரவத்தோடு ஒரு நிபந்தனையும் உண்டு. அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. ஆபீஸுக்கும் மார்க்கெட்டுக்கும் போக வேண்டியவருக்கு அந்த கௌரவத்தால் பயனில்லை.

2019-இல் சேத்தக் என்ற பெயர் மின்சார ஸ்கூட்டராகத் திரும்பியது. 2022 ஜூனில் ஆகுர்டியிலேயே அதற்குப் புது ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 5 லட்சம் வண்டிகள் தயாரிக்கும் திறன் கொண்டது என்றது நிறுவனம். அந்த வண்டியில் பிஸ்டன் கிடையாது, ரிங் கிடையாது, சாய்க்கவும் வேண்டாம். பழைய சேத்தக்கை ஒரு ஸ்பேனர் செட்டும் தெரிந்த மெக்கானிக்கும் இருந்தால் ஐம்பது ஆண்டு ஓட்டலாம் என்று அதே ஊரில் பிறந்த அண்ணன் காட்டிவிட்டது. பேட்டரியும் மின்னணுப் பலகையும் பழுதாகும்போது தம்பிக்கு வைத்தியம் பார்க்க எந்தத் தெருவுக்குப் போவது என்பதை, அதை வாங்குகிறவர்கள் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.