கரியமில வாயுவைப் பிடிக்கும் கரி

கரி என்றதும் நம் நினைவுக்கு வருவது இஸ்திரிப் பெட்டியும் கும்மட்டி அடுப்பும்தான். ஆனால் கரிக்கு வேறொரு குணமும் உண்டு. அது வாயுக்களைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும். சுவீடனில் வாழ்ந்த ஷீலே என்னும் இரசாயன அறிஞர் 1773-இலேயே இதனைக் கண்டார். இக்குணம் இன்று உலகிற்கு எவ்வாறு உதவக்கூடும் என்பதைப் பார்ப்போம்.

1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கீலிங் என்னும் அறிஞர் காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றின் பத்து இலட்சம் பங்கில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. 2024-இல் அது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதே இதற்கு முதற்காரணம். இவ்வாயு வெப்பத்தை வெளியே விடாமல் தடுப்பதால் பூமி சூடேறுகிறது.

உமி, கொட்டாங்கச்சி போன்றவற்றைப் போதிய காற்றில்லாமல் 400 முதல் 700 பாகை வரை சூடாக்கினால் கிடைப்பது உயிர்க்கரி. கரிமூட்டம் போடுவதும் இதே தத்துவம்தான். இக்கரியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். நன்கு பதப்படுத்திய கரியில் ஒரு கிராமின் உட்பரப்பு 1000 சதுர மீட்டருக்கு மேலும் இருக்கும். அதாவது 25 சென்ட் நிலம்! வாயு மூலக்கூறுகள் இப்பரப்பில் ஒட்டிக்கொள்வதைப் பரப்புக் கவர்ச்சி என்பர்.

இனி நைட்ரஜனின் பங்கு என்ன? சுண்ணாம்பு நீரில் ஊதினால் அது பால்போல் மாறுவதை நாம் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறோம். கரியமில வாயு அமிலத்தன்மை உடையது, சுண்ணாம்பு காரம். ஆகவே காரம் அதைப் பற்றிக்கொள்கிறது. கரியை யூரியாவுடன் சேர்த்துச் சூடாக்கினால், சில கார்பன் அணுக்களின் இடத்தில் நைட்ரஜன் அணுக்கள் அமர்கின்றன. இவ்விடங்கள் காரத்தன்மை பெற்று வாயுவை ஈர்க்கின்றன. ஆயினும், ஒரு நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன என்று கூறும் ஆராய்ச்சியாளரும் உண்டு. இவ்விவாதம் இன்னும் முடியவில்லை.

பிடித்த வாயுவைப் பிரிப்பது எளிது. சற்றுச் சூடாக்கினாலோ அழுத்தத்தைக் குறைத்தாலோ வாயு வெளிவரும். கரியை மீண்டும் பயன்படுத்தலாம். வெளிவந்த வாயுவை மீண்டும் காற்றில் கலக்கவிடாமல் பூமிக்கடியில் சேமிக்க வேண்டும். ஐஸ்லாந்து நாட்டில் அதை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்திக் கல்லாகவே மாற்றியுள்ளனர்.

ஆனால் ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ கார்பன் எரிந்தால் சுமார் 3.67 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. நல்ல கரி ஒரு கிலோ, அறை வெப்பத்தில், தூய வாயுவில்கூட 150 முதல் 200 கிராம் வரையே பிடிக்கும். ஆகவே ஒரு கிலோ கார்பனின் புகையை ஒரே முறையில் பிடிக்க ஏறத்தாழ 20 கிலோ கரி தேவை. ஆலைப் புகையில் இவ்வாயு சிறு பங்கே, ஈரமும் கலந்திருக்கும். எனவே கரி இன்னும் அதிகமாகவே வேண்டும்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? பிடிப்பதைவிட வெளிவிடாதிருப்பதே எளிது. விஞ்ஞானம் மருந்து தேடித் தரும். பத்தியம் இருக்க வேண்டியவர்கள் நாமே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் இப்பூமியை நம் அனைவரின் பொது இல்லம் என்று அழைத்தார். தேவையற்ற விளக்கை அணைப்பதும், குப்பையை எரிக்காதிருப்பதும், ஒரு மரத்தை நட்டுக் காப்பதும் அவ்வில்லத்திற்கு நாம் செய்யும் தொண்டாகும். மாணவியரே, வேதியியலைக் கருத்துடன் கற்பீர்! இதனினும் சிறந்த கரியை நாளை உங்களில் ஒருத்தி ஆக்கித் தரலாம்.