மரத்தரைக்கும் மூச்சு வேண்டும்!

மரத்தரையா, அது என்ன என்று கேட்பவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். நம்ம குன்னூரில் சில பழைய வீடுகளில் சிமெண்டுத் தரை கிடையாது. மண்ணுக்கு மேலே கொஞ்சம் வெற்றிடம், அதன் மேல் குறுக்கே மரச்சட்டங்கள், சட்டங்களின் மேல் பலகை. நடந்தால் டம் டம் என்று கேட்கும். காலும் சில்லிடாது. எங்கள் வீட்டு முன்அறை இப்படித்தான்.

அதில் ஜன்னலோரம் ஓர் இடம் அமுங்க ஆரம்பித்தது. பாட்டி தினமும் நடக்கிற இடம்! "எல்லாத்தையும் பேத்துட்டு சிமெண்ட் போட்டுடலாம்" என்றார் அப்பா. பக்கத்து வீட்டு ஆசாரி மாமாதான், "இரு தம்பி, ஏன் அமுங்குதுன்னு முதல்ல பாப்போம்" என்றார்.

திருப்புளி முனையால் பலகையைக் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் என்றால் முனை இறங்காது. எங்கள் பலகையில் களிமண்ணில் இறங்குவதுபோல் இறங்கியது. கரையான் இல்லை, மண்தடமே காணோம். பூஞ்சைதான். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலே நின்றுவிட்டால் பூஞ்சை அதைத் தின்ன ஆரம்பிக்கும். ஈரம் எப்படி வந்தது? வெளிச்சுவரின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்குமே, அவை காற்றுக்காக விட்டவை. எலி வருகிறது, குளிருகிறது என்று யாரோ எப்பவோ செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள். மண்ணின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பலகையில் ஏறிவிட்டது. இதைத் திறக்காமல் பாலிஷ் போட்டு என்ன பிரயோஜனம்? செங்கல்லை எடுத்துவிட்டுக் கம்பிவலை அடித்தோம். எலியும் வராது, காற்றும் வரும்.

பிறகு மாமா சொல்லச் சொல்ல நானும் அப்பாவும் வேலையை ஆரம்பித்தோம். கெட்ட பகுதியை மட்டும் வெட்டினால் போதாது. இரண்டு பக்கமும் சட்டத்தின் நடுப்பகுதி வரை வெட்ட வேண்டும். அப்போதுதான் புதுப் பலகையின் இரு முனையும் உட்கார இடம் கிடைக்கும். நல்லவேளை, சட்டங்கள் வைரம் பாய்ந்த தேக்கு. ஒன்றும் ஆகவில்லை.

பலகைகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் உடனே பசை போட்டு அடைக்காதீர்கள்! கோடையில் மரம் சுருங்கும், மழையில் அகலவாக்கில் ஊதும். ஊத இடம் இல்லையென்றால் பலகை மேலே கிளம்பிவிடும். கிரீச் சத்தம் மட்டும்தான் தொல்லை என்றால் இடுக்கில் முகப்பவுடர் தூவிப் பாருங்கள். சிரிக்காதீங்க, நிஜமாவே குறையும்.

தேய்க்கும் முன் ஆணித் தலைகளைப் பலகைக்குள் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்புத்தாள் கிழியும். முதலில் 60 நம்பர் தாள், அப்புறம் 100, கடைசியில் 150. நம்பர் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும். மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே தேய்க்கணும். குறுக்கே தேய்த்த கீறல் எண்ணெய் போட்டதும் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஒரு அறைக்கு எங்களுக்கு நான்கு நாள் ஆனது. முட்டி வலி தனி!

மேலே பூச வார்னிஷும் உண்டு. நாங்கள் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) போட்டோம். மெல்லிசாகத் தடவி, அரை மணிக்குள் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். தேங்கினால் பிசுபிசுப்பு போகாது.

முக்கியமான ஒன்று. அந்தத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது! இந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடாகும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற முடியாமல், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். நாங்கள் வாளித் தண்ணீரில் முக்கிவைத்தோம்.

நம்ம ஊர்க் குளிரில் ஒரு கோட் காயவே இரண்டு மூன்று நாள் ஆகிறது. அதனால் பின்அறையை ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் விட்ட பிறகு ஜனவரியில்தான் தொடப்போகிறோம். தேய்க்க ஆள் தேவை. வருகிறவர்களுக்குப் பாட்டி கையால் சுக்குக்காப்பி உண்டு!