மலைக்கு அந்தப் பக்கம் வலிப்புக்கு வைத்தியம்

சாரல் காலத்தில் குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்தால் சித்தப்பிரமையும் தெளியும் என்ற நம்பிக்கை தென்காசி வட்டாரத்தில் நெடுங்காலமாக உண்டு. அதை நான் பரிகசிக்க விரும்பவில்லை. ஆனால் வலிப்புக் காணும் குழந்தையை வழுக்குப் பாறைமேல் கொட்டும் நீருக்கடியில் நிறுத்துவது அபாயம் என்பதைச் சொல்லியாக வேண்டும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வீண் உபசாரமே. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், ஐந்து நிமிஷத்துக்குள் அடங்கவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதே முறை.

வலிப்பு நோயாளிகளில் பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும். தகுந்த இரண்டு மருந்துகளைத் தகுந்த அளவில் கொடுத்தும் அடங்காத வலிப்பைத்தான் வைத்தியர்கள் கடினமானது என்கிறார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கினர் இவ்வகையினர். மூன்றாவது, நான்காவது மருந்து என்று வருஷங்களைக் கழிப்பதிலேயே குழந்தையின் படிப்பும் பேச்சும் பின்தங்கிப் போய்விடுகின்றன என்பது என் அபிப்பிராயத்தில் இந்நோயின் பெரிய நஷ்டம்.

மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கான அறுவைச் சிகிச்சையை, மாண்ட்ரீலில் மூளை அறுவை நிபுணர் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952-லேயே வேலூரில் செய்துவிட்டார். ஆயினும் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்தால் எட்டிவிடக்கூடிய திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் அது 1995-இல்தான் தொடங்கிற்று. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்து திரும்பிய நரம்பியல் நிபுணர் டாக்டர் கே. ராதாகிருஷ்ணன் அம்முயற்சிக்கு முதல்வராக நின்றார், 1998-இல் ஆர். மாதவன் நாயர் என்பவரின் பெயரால் வலிப்புக்கென்றே ஒரு தனி மையமும் அங்கே எழுந்தது. ராதாகிருஷ்ணன் குழந்தைகளுக்கு மட்டுமே வைத்தியம் பார்த்தவர் அல்லர். கத்தி பிடித்ததும் வேறு கைகள்தாம். எந்த நோயாளிக்குக் கத்தி தகும், எவருக்குத் தகாது என்று தீர்மானிப்பதே நரம்பியலாரின் வேலை, அதுவே கடினம்.

அத்தீர்மானத்துக்காக, தலை முழுவதும் பசையிட்டுக் கம்பிகள் ஒட்டிய குழந்தையை, காமிரா இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கும் கட்டிலில் நாட்கணக்கில் வைத்திருப்பார்கள். மருந்தையும் குறைத்து, வராதிருக்க வேண்டுமென்று வீட்டில் நேர்ந்துகொண்ட அந்த வலிப்பு இங்கே வரட்டும் என்று காத்திருப்பார்கள். பார்வை நிலைகுத்தியதும் தாய் பொத்தானை அழுத்த வேண்டும். முகம் எந்தப் பக்கம் திரும்பிற்று, எந்தக் கை முதலில் துடித்தது என்று அவள் சொல்வது, மின்வரைபடத்தோடும் எம்.ஆர்.ஐ. படத்தோடும் ஒத்துப்போனால்தான் கத்திக்கு அனுமதி. மூளையின் ஒரு பாதி முழுவதும் கெட்டிருந்தால் அதன் தொடர்பையே துண்டித்துவிடுவதும் உண்டு; இளம் வயதானால் மறுபாதி அதன் வேலைகள் பலவற்றை ஏற்றுக்கொள்கிறது. வலிப்பு நின்ற பிறகும் மாத்திரையை உடனே நிறுத்துவதில்லை. நிதானமாக, வைத்தியர் சொற்படி, சிறுகச் சிறுகத்தான் குறைக்கிறார்கள்.