காயலான் கடைக்குப் போடுமுன் கொஞ்சம் நில்லுங்கள்! அப்பா வாங்கிய சிவப்பு டிராக்டர் மறுபடி ஓடும்

சென்னை,

ஆபீசில் வேலை மும்முரமாக இருக்கும் நேரம். ஊரில் இருந்து போன் வருகிறது.

"தம்பி, கொட்டகையில கெடக்குதே அப்பாவோட டிராக்டரு... காயலான் கடைக்காரர் வந்திருக்காரு. எடைக்கு எடுத்துக்கிறேங்கிறாரு. கொடுத்துரவா?"

கேட்பது சித்தப்பா. ஊரில் நிலத்தையும் கொட்டகையையும் விட்டுவிட்டு நகரத்தில் பிழைக்கும் பலருக்கு இப்படி ஒரு போன் என்றைக்காவது வரும். "சரி சித்தப்பா, கொடுத்துடுங்க" என்று சொல்லி விட்டு பைலைப் புரட்டப் போய் விடுவார்கள்.

அவசரப்பட வேண்டாம்! பத்து வருஷம் கோழி அடைந்த டிராக்டரும் மறுபடி ஓடும். ஓட வைக்கிற பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் ஓட வைப்பதில் ஒரு வரிசை உண்டு. வரிசை தப்பினால் பணம் போகும். சில சமயம் ஆளே போய் விடுவான்.

செம்பியத்துப் பிள்ளை

தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் கிடக்கும் பழைய சிவப்பு டிராக்டர்களில் 'மாசி பெர்குசன் 1035' முக்கியமானது. அது சென்னையில் பிறந்த பிள்ளை. 1960-ல் தொடங்கிய 'டாபே' கம்பெனி, 1961-ல் பெரம்பூரை அடுத்த செம்பியத்தில் அதைத் தயாரிக்க ஆரம்பித்தது. 35 குதிரை சக்தி. மூன்று சிலிண்டர் டீசல் என்ஜின்.

டாபேயின் சகோதரக் கம்பெனி சிம்சன். 1840-ல் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்த அதே மவுண்ட் ரோடு சிம்சன்தான்!

பெயரில் இருக்கும் 'பெர்குசன்' யார்? ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர். அவர் காலத்துக்கு முந்திய டிராக்டர்களில் ஒரு பேராபத்து இருந்தது. பின்னால் கட்டிய கலப்பை, மண்ணுக்குள் வேரிலோ பாறையிலோ மாட்டிக் கொள்ளும். சக்கரம் சுற்ற முடியாது. என்ஜின் விடாது. முன்பக்கம் குதிரை மாதிரி எழும்பி, டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுகிறவனை நசுக்கி விடும்.

கலப்பையை மூன்று இடத்தில் பிடித்து, ஹைட்ராலிக்கில் தூக்கி இறக்கும் ஏற்பாட்டை பெர்குசன் கொண்டு வந்தார். மேலே ஒரு கை, கீழே இரண்டு கை. கலப்பை இழுக்கிற இழுப்பே முன் சக்கரத்தைத் தரையில் அழுத்திப் பிடிக்கும். 1946-ல் இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் அவரது சின்ன சாம்பல் நிற டிராக்டர் தயாராக ஆரம்பித்தது. 1956 வரை 5 லட்சத்துக்கு மேல் வெளிவந்தன. 1953-ல் பெர்குசன் கம்பெனி, மாசி ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்தது. அந்த வம்சத்தில் வந்ததுதான் 1035.

இந்தக் கதையை எதற்குச் சொல்ல வேண்டும்? காரணம் இருக்கிறது. பழைய டிராக்டரில் உயிரைக் காக்கும் ஏற்பாடுகள் சில உண்டு. ஒவ்வொரு ரிப்பேரிலும் ஒவ்வொன்றாக அவற்றைக் கழற்றிப் போட்டிருப்பார்கள்!

"கட்டி இழுங்கப்பா!"

கொட்டகையைத் திறந்ததும் ஊரில் ஒரு நிபுணர் வந்து சேருவார். "இன்னொரு டிராக்டரைக் கொண்டாங்கப்பா. சங்கிலி போட்டு இழுத்தா தன்னால ஸ்டார்ட் ஆயிரும்!" என்பார்.

கூடாது. கூடவே கூடாது.

வருஷக்கணக்கில் நின்ற என்ஜினில் பிஸ்டன் ரிங்குகள், லைனர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். இழுத்தால் ரிங் ஒடியும். லைனர் கீறும். கனெக்டிங் ராடு வளையும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலையை ஒரு சங்கிலி பெரிய செலவாக்கி விடும்.

விவரம் தெரிந்த மெக்கானிக் வேறு மாதிரி செய்கிறார். முதலில் நாசில்களைக் கழற்றுகிறார். அந்த ஓட்டை வழியாக, டீசலையும் மெல்லிய எண்ணெயையும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றுகிறார். பிறகு வீட்டுக்குப் போய் விடுகிறார்! இரண்டு நாள், நாலு நாள், ஒரு வாரம்கூட ஊறட்டும். தினமும் வந்து கிராங்கு புல்லியை ஸ்பேனரால் முன்னும் பின்னும் கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறார். ஒரு நாள் 'கிளுக்' என்று ஒரு நூல் நகரும். அது போதும். மறுநாள் இன்னும் கொஞ்சம்.

சுற்ற ஆரம்பித்தாலும் நாசிலை உடனே மாட்டக் கூடாது. ஊற்றிய எண்ணெய் உள்ளே தேங்கி நிற்கும். திரவத்தைப் பிஸ்டன் அமுக்க முடியாது. அமுக்கப் பார்த்தால் ராடு வளையும். நாசில் இல்லாமல் சுற்ற விட்டு, எண்ணெய் முழுவதும் வெளியே பீய்ச்சி வரும்படி செய்ய வேண்டும்.

அடுத்தது டாங்கு. அடியில் சேறும் துருவும் உறைந்திருக்கும். கழற்றி, உள்ளே ஒரு முழம் சங்கிலியும் கொஞ்சம் டீசலும் விட்டுக் குலுக்கினால் காப்பி நிறத்தில் கொட்டும். தெளிவாக வரும் வரை குலுக்க வேண்டியதுதான். பில்டரைப் புதிதாகப் போட்டு, பம்பில் 'ஏர்' எடுக்க வேண்டும். டீசல் வண்டிக்குக் குழாயில் காற்று நின்றால் ஜென்மத்துக்கும் ஸ்டார்ட் ஆகாது.

ஏர் கிளீனரையும் மறக்கக் கூடாது. பழைய டிராக்டரில் காற்றை எண்ணெய்க் கிண்ணத்தின் வழியாக இழுத்துத் தூசியைப் பிடிக்கும் ஏற்பாடுதான் இருக்கும். அந்தக் கிண்ணத்தில் எண்ணெய்க்குப் பதில் களிமண் உருண்டை இருந்தால், உள்ளே லைனர் தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமலே சொல்லி விடலாம். எலிக் கூடு கிடைத்தாலும் ஆச்சரியம் இல்லை.

பலகை எதற்கு?

முதல் ஸ்டார்ட்டின்போது அனுபவசாலிகள் ஒரு பலகையைக் கையில் வைத்துக் கொண்டு நிற்பார்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

சிரிக்கிற விஷயம் இல்லை. நாள்பட்ட பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம் ஒட்டிக் கொண்டிருந்தால், என்ஜின் கிளம்பியதும் வேகம் ஏறிக் கொண்டே போகும். நிறுத்தும் குமிழை இழுத்தாலும் நிற்காது. அப்போது காற்று உள்ளே போகும் வாயைப் பலகையால் அடைத்தால்தான் மூச்சு முட்டி நிற்கும். கையால் அடைக்கப் போனால் கையை இழுத்துக் கொள்ளும்.

இன்னொரு எச்சரிக்கை. நாசில் பீய்ச்சுகிறதா என்று பார்க்க விரலை நீட்டுகிறவர்கள் உண்டு. அந்த அழுத்தத்தில் டீசல் ஊசி மாதிரி தோலுக்குள் போய் விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் இருக்காது. "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று விட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஓட ஆரம்பித்த பிறகு புகையைப் பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. ரிங்கும் லைனரும் தேய்ந்து போச்சு. வெள்ளை என்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது உள்ளே தண்ணீர் இறங்குகிறது. குளிர்ந்த என்ஜினில் கொஞ்ச நேரம் வெள்ளை வந்து நின்றால் பயம் இல்லை.

லைனர், கிராங்கு வேலை என்று வந்தால் நகரத்துக்குத்தான் கொண்டு வர வேண்டும். 1958-ல் வந்த கிண்டி தொழிற்பேட்டையும், அதற்குப் பிறகு வந்த அம்பத்தூரும் லேத்துக்குப் பேர் போனவை. தேய்ந்த கிராங்கை அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, 20 பங்கு என்று கடைந்து, அதற்கேற்ற கனத்த பேரிங் போடுகிறார்கள். ஏற்கனவே எத்தனை தடவை கடைந்தது என்று கேட்டுக் கொள்வது நல்லது. எல்லை தாண்டிய கிராங்கை எவ்வளவு கடைந்தாலும் பிரயோசனம் இல்லை.

ஹைட்ராலிக் தூக்கவில்லை என்றால் உடனே பம்பைக் கழற்ற வேண்டாம். அந்த வகை டிராக்டரில் ஹைட்ராலிக் பம்பு, கியர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கியர் ஆயில்தான் அதற்கும் ஆயில். கியர் லீவர் உறை கிழிந்து மழைத் தண்ணீர் இறங்கியிருந்தால் ஆயில் மோர் மாதிரி ஆகியிருக்கும். அதை வடித்து, கழுவி, புது ஆயில் விட்டதும் கலப்பை தானாகத் தூக்கிய கதைகள் பட்டறைகளில் நிறைய உண்டு.

ஸ்குரூ டிரைவர் செய்யும் கொலை

என்ஜின் பாடுகிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உடனே என்ன செய்கிறார்கள்? சிவப்புப் பெயிண்டு அடித்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து ரோட்டுக்குக் கொண்டு வந்து விடுகிறார்கள்!

இங்கேதான் வரிசை தப்புகிறது.

கியர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ப் எடுக்கும்படி அந்த டிராக்டரில் ஒரு சுவிட்ச் ஏற்பாடு உண்டு. என்றைக்கோ அது கெட்டிருக்கும். "எதுக்குங்க அதெல்லாம், டைரக்டா குடுத்துடறேன்" என்று யாரோ ஒயரைச் சுற்றி விட்டிருப்பார். பிறகு சாவியும் தொலைந்து போய், தரையில் நின்றபடியே ஸ்குரூ டிரைவரை ஸ்டார்ட்டர் முனையில் வைத்து 'ஷார்ட்' பண்ணுவது வழக்கமாகி இருக்கும்.

கியரில் நிற்கும் டிராக்டரை அப்படி ஸ்டார்ட் செய்தால், பின் சக்கரம் நேராக அவர் மீதே ஏறும். ஓடித் தப்ப இடம் இருக்காது. அவர் நிற்பது இரண்டு சக்கரத்துக்கும் நடுவில்!

சுவிட்சும் ஒயரும் சில நூறு ரூபாய்ச் சமாசாரம். பெயிண்டு அதைவிட எத்தனையோ மடங்கு. ஆனாலும் பெயிண்டுக்குத்தான் முதல் மரியாதை.

பிரேக் கதையும் இதேதான். டிராக்டருக்கு இரண்டு பிரேக் பெடல். இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. வயலில் சட்டென்று திருப்ப அது உதவும். ரோட்டில் போகும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு கொக்கி உண்டு. பழைய டிராக்டர்களில் அந்தக் கொக்கியைத் தேட வேண்டும்! கொக்கி இல்லாமல் வேகத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால், ஒரு சக்கரம் நின்று, மறு சக்கரம் ஓடும். டிராக்டர் சுழன்று ஓரத்துப் பள்ளத்தில் கவிழும். பின்னால் டிரெய்லரில் ஆள் ஏற்றியிருந்தால்... சொல்ல வேண்டியதில்லை.

டிரம்மைக் கழற்றிப் பார்ப்பதும் அவசியம். ஆக்சில் சீல் போய், கியர் ஆயில் பிரேக் லைனிங்கில் ஊறியிருந்தால், பெடல் நன்றாக இருந்தும் வண்டி நிற்காது.

மூன்றாவது, பெர்குசன் தீர்த்து வைத்த அதே ஆபத்து. சேற்றில் மாட்டிய லாரியையோ, மரக் கட்டையையோ இழுக்கும்போது சங்கிலியை மேல் கையிலோ, ஆக்சிலிலோ மாட்டுகிறார்கள். இழுப்பு உயரத்தில் விழுந்தால் முன்பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் எழும்பி விடும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. பழைய டிராக்டர்களில் தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டமும் இல்லை. இழுக்க வேண்டியதை அடியில் இருக்கும் டிரா பாரில்தான் மாட்ட வேண்டும்.

புத்தகம் எங்கே?

சித்தப்பாவிடம் அடுத்துக் கேட்க வேண்டியது ஆர்.சி. புத்தகத்தை.

அப்பா பேரில் இருக்கும் டிராக்டர், அவர் காலமான பிறகு வாரிசு பேருக்கு மாற வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் அதற்கு படிவம் 31. மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டியது. பல வீடுகளில் முப்பது வருஷம் ஆகியும் கொடுக்காமல் இருக்கிறார்கள்.

அந்த நாளில் நிலவள வங்கியிலோ, பாங்கிலோ கடன் போட்டு வாங்கியிருப்பார்கள். கடன் எப்போதோ அடைந்திருக்கும். புத்தகத்தில் பாங்கு பேர் அப்படியே இருக்கும். பாங்கில் கையெழுத்து வாங்கி படிவம் 35 கொடுத்தால்தான் அது நீங்கும். பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன் பிறகு பரிசோதனைக்குக் காட்டி ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். சேசிஸ் நம்பர் துருவில் மறைந்திருந்தால் பெயிண்டு அடிக்குமுன் தேய்த்துப் பார்த்துக் கொள்ளவும்.

எல்லா டிராக்டரும் தேறும் என்று சொல்ல முடியாது. என்ஜின் பிளாக்கு வெடித்து, கியர் பெட்டியும் உடைந்திருந்தால் செலவு விலையைத் தாண்டி விடும். பாசத்துக்காகச் செய்கிறவர்கள் செய்யலாம். மற்றவர்கள் காயலான் கடைக்குக் கொடுத்து விடலாம்.

அப்படிக் கொடுத்தாலும் தூக்கிக் கொடுத்து விட்டுச் சும்மா இருக்கக் கூடாது. வண்டி இனி ஓடாது, உடைத்தாகி விட்டது என்று 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதி, புத்தகத்தையும் ஒப்படைக்க வேண்டும். இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. செய்யாவிட்டால், அந்த நம்பர் பலகை வேறு ஏதாவது ஒரு டிராக்டரில் ஏறி எங்காவது இடித்துவிட்டு வரும். போலீஸ்காரர் கதவைத் தட்டுவது அப்பா பேரைச் சொல்லித்தான்.