சிவப்பு விளக்கில் அணைந்துபோகும் பழைய மோட்டார்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சுபாங் ஜெயா எஸ்எஸ்15 சாலை விளக்கில் வலப்பக்கம் திரும்புவதற்காக என் மகன் மோட்டாரோடு காத்திருந்தான். பச்சை விழுந்தது. மோட்டார் ஒருமுறை உறுமி, இருமி, அணைந்துவிட்டது. பின்னால் வந்த லோரி பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்கிறான். இரண்டு முழம் இடைவெளியில் பிழைத்து வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, “இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்.” அப்பா எதுவும் பேசவில்லை. அது அவருடைய மோட்டார். 1994-இல் வாங்கிய ஹோண்டா இஎக்ஸ்5. கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில் ஷா ஆலாம் தொழிற்சாலைக்கு அதில்தான் போய் வந்தார். என்னைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றதும் அதே மோட்டார்தான்.

1987-இல் மலேசியாவுக்கு வந்த இஎக்ஸ்5-ஐ அறியாத இந்தியக் குடும்பம் இங்கே அரிது. ‘காப்சாய்’ என்று நாம் அழைக்கும் சிறிய மோட்டார்களில் அதற்குத் தனி இடம் உண்டு. புதிய மோட்டார்களில் எண்ணெயை அளந்து தெளிக்கக் கணினி இருக்கிறது. பழைய மோட்டாரில் அந்த வேலையைச் செய்வது கார்புரேட்டர். அது சரியாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நமக்கு இருப்பது காது மட்டும்தான்.

உண்மையில் தவறு என்னுடையது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் மோட்டார் பல மாதம் வாசலிலேயே நின்றது. பிறகு எடுத்தபோது ஐடலிங் நிற்கவில்லை. நான் செய்தது, ஐடலிங் திருகாணியை அரைச்சுற்று ஏற்றியது. கொஞ்ச நாள் ஓடியது. மறுபடி இருமியது. மறுபடி ஏற்றினேன். காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் மாத்திரை மட்டும் கொடுப்பது போன்ற வேலை அது.

மறுநாள் காலை அப்பா கருவிப் பெட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். 76 வயது. கை இலேசாக நடுங்கும். “திருகாணியில் கை வைக்காதே தம்பி. அது கடைசி வேலை. முதலில் மற்றதைப் பார்” என்றார்.

முதலில் பிளக்கைக் கழற்றினோம். நுனி வெளிறிப்போயிருந்தது. “எண்ணெய் குறைவு, காற்று அதிகம். அல்லது எங்கிருந்தோ கள்ளக் காற்று நுழைகிறது” என்றார். கருப்பாகப் புகை படிந்திருந்தால் அதற்கு நேர்மாறு. எண்ணெய் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று பொருள். பிளக் இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் சரிசெய்து மாட்டினோம். ஏர் ஃபில்டர் சுத்தமாகவே இருந்தது.

அடுத்து வால்வு இடைவெளி. எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது மட்டுமே இதைப் பார்க்க வேண்டும். எங்கள் மோட்டாருக்கு 0.05 மில்லிமீட்டர். இடைவெளி குறைந்தால் வால்வு முழுதாக மூடாது, ஐடலிங்கும் நிற்காது. அதுவும் சரியாக இருந்தது.

பிறகு கார்புரேட்டர். அடிக்கிண்ணத்தில் இருந்த பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்தோம். அடியில் தண்ணீர்த் துளிகள் தெரிந்தன. பைலட் ஜெட் என்னும் சின்னப் பித்தளைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் துளை பாதி அடைத்திருந்தது. நின்றுபோன பெட்ரோல் பிசினாகப் படிந்திருக்கிறது. நான் கம்பி எடுத்தேன். அப்பா கையைப் பிடித்தார். பித்தளை மென்மையானது. கம்பி குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு எந்தத் திருகாணியாலும் சரிசெய்ய முடியாது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தில் ஊதி எடுத்தோம்.

நெடுஞ்சாலையில் நன்றாக ஓடும் மோட்டார் விளக்கில் மட்டும் ஏன் அணைகிறது? ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சினுக்கு எண்ணெய் கொடுப்பது அநேகமாக இந்தச் சின்னத் துளைதான். முறுக்கினால் பெரிய வழி திறந்துகொள்ளும், குறை மறைந்துவிடும். எந்த ஓட்டையும் சிறிய ஓட்டத்தில்தான் காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றையும் மாட்டி, மிதித்தோம். முன்பைவிடப் பரவாயில்லை. ஆனாலும் சத்தம் ஏறி ஏறி இறங்கியது. அப்பாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. உள்ளங்கையை இருக்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் ஒரு துளி எண்ணெய் விடச் சொன்னார். விட்டேன். சத்தம் சட்டென்று சீரானது. சில நொடிகளில் மறுபடி தடுமாறியது.

கள்ளக் காற்று அங்கேதான் நுழைந்தது. கழற்றிப் பார்த்தால் இணைப்பில் இருக்கும் ஓ-ரிங் ரப்பர், காய்ந்த மிளகாய்த் தோல் போல் இறுகிக் கிடந்தது. புதிய ஓ-ரிங்கின் விலை இரண்டு தே தாரேக் விலையைத் தாண்டவில்லை.

அதன் பிறகுதான் திருகாணி. எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கினோம். கலவைத் திருகாணியை மெதுவாக உள்ளே முட்டும் வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தோம். அழுத்தித் திருகினால் அதன் ஊசிமுனை கெட்டுவிடும். பிறகு கால் கால் சுற்றாக இருபக்கமும் திருப்பி, எந்த இடத்தில் எஞ்சின் வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்தினோம். கடைசியாக ஐடலிங் திருகாணியை இறக்கினோம். நான் ஏற்றிவைத்த சுற்றுகள் எல்லாம் திரும்ப இறங்கின.

ஒரு எச்சரிக்கை. கார்புரேட்டர் கிளீனரும் பெட்ரோலும் சட்டெனத் தீப்பிடிக்கும். திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள். பக்கத்தில் சிகரெட்டும் சாமி விளக்கும் வேண்டாம். கை பழகாதவர்கள் நம்பிக்கையான பட்டறையில் கொடுத்துவிடலாம். ஆனால் “ஐடலிங்கை மட்டும் ஏற்றிவிடுங்கள்” என்று சொல்லாதீர்கள். காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் செல்பவர்கள். ஹெல்மெட்டையும் டயரையும் பார்க்கும் நாம், விளக்கில் அணைந்துபோகும் எஞ்சினைச் சில்லறைத் தொல்லை என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் விட்டேன்.

இப்போது மோட்டார் விளக்கில் நின்றால் அணைவதில்லை. சனிக்கிழமை காலைகளில் என் மகன் தாத்தாவோடு வாசலில் உட்காருகிறான். அவர் கையை இருக்கையில் வைக்கிறார். பக்கத்தில் அவனும் வைக்கிறான். “தெரிகிறதா?” என்று கேட்கிறார். “இன்னும் இல்லை தாத்தா” என்கிறான். அதற்கும் பழக்கம் வேண்டும்.