அகழி சூழ்ந்த ஐத்தம் மோட் மாளிகை

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் நிற்கும் ஐத்தம் மோட், 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டத் தொடங்கப்பெற்ற மேனர் இல்லமாகும். மேனர் என்பது நிலக்கிழார் ஒருவரின் விளைநிலங்களையும் அவற்றில் உழைத்த குடியானவர்களையும் உள்ளடக்கிய பண்ணையாட்சிப் பகுதியாகும். இத்தகைய இல்லங்களைச் சூழ்ந்த அகழி, கோட்டை அகழியைப் போலப் பெரும்படையைத் தடுப்பதற்கன்றி, திருடரை விலக்கவும், மீன் வளர்க்கவும், உரிமையாளரின் செல்வாக்கை ஊரறியச் செய்யவும் பெரிதும் பயன்பட்டது.

நடுமுற்றத்தைச் சுற்றி எழுபதுக்கும் மேற்பட்ட அறைகள் அமைந்த இம்மாளிகையை, எட்டாம் ஹென்றியின் அவையைச் சார்ந்த ரிச்சர்ட் கிளெமென்ட் 1521இல் வாங்கினார். அக்காலத்துச் சிற்றாலயத்தின் வளைந்த மரக்கூரையில், மன்னரின் டியூடர் ரோஜாவும் அரசி கேத்தரினின் மாதுளைச் சின்னமும் தீட்டப்பெற்று, மங்கிய வண்ணத்தில் இன்றும் காணப்படுகின்றன.

சிதைந்துவந்த இம்மாளிகையை 1953இல் வாங்கிக் காத்த அமெரிக்கரான சார்லஸ் ஹென்றி ராபின்சன், 1985இல் அதை நேஷனல் டிரஸ்ட் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பிற்கு விட்டுச்சென்றார். 1989 முதல் 2004 வரை நடந்த விரிவான சீரமைப்பில், பழுதுற்ற பகுதிகள் கவனமாகப் பிரிக்கப்பெற்று, மரச்சட்டங்கள் செப்பனிடப்பெற்று, மீண்டும் பொருத்தப்பட்டமையால், ஆறு நூற்றாண்டுகளைக் கடந்த இந்த அரிய கட்டடம் பொதுமக்கள் கண்டு பயன்பெறும் மரபுச்செல்வமாக நிலைபெற்றுள்ளது.